பட்டை விழுந்த புடவை

எங்கள் வீட்டில் தறிக்குழி இருந்த இடத்தில் இப்போது ஒரு சுழல் நாற்காலி நிற்கிறது. அண்ணன் மகன் வாங்கிப் போட்டது. பெங்களூர்க் கம்பெனிக்கு ஆரணி கொசப்பாளையத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். குழியைத் தூர்த்து டைல்ஸ் ஒட்டியாயிற்று. அப்பாவின் கால் மிதியை மிதித்த இடத்துக்கு நேர் மேலே இவன் கால் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்பா பொழுது சாய்ந்தால் தறியைவிட்டு எழுந்துவிடுவார். இவன் எழுந்திருக்க அமெரிக்காவில் பொழுது சாய வேண்டும்.

போன வாரம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, இன்னுமா முடியல?"

"என் வேலை ஆறு மணிக்கே முடிஞ்சிடுச்சு சித்தப்பா. இது வேற ஒருத்தனோடது. அவன் முடிக்கலையாம். உனக்கு பேண்ட்வித் இருக்கான்னு மேனேஜர் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இருக்குன்னேன்."

பேண்ட்வித் என்ற சொல் எனக்குப் புதுசு. விஷயம் புதுசில்லை. எங்கள் காலத்தில் அதற்கு "நீங்க செஞ்சா தப்பு வராது சார்" என்று பெயர்.

1983இல் சென்னையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல மனிதர். தாம்பரத்தில் கிரவுண்டு என்ன விலை, யாருக்கு எப்போது சனி விலகும், எந்த ஓட்டலில் எத்தனை மணிக்கு வடை சூடாக இருக்கும் எல்லாம் அறிந்தவர். அறியாதது அவர் மேஜைமேல் இருந்த லெட்ஜர் ஒன்றுதான். முதல் வருஷம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அவருடையதையும் 'ஒரு கை' பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அடுத்த மார்ச்சில் யாரும் கூப்பிடவே இல்லை. லெட்ஜர் தானாக என் மேஜைக்கு வந்திருந்தது. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி அடிப்பான் என்பார்கள். எங்கள் மேலாளர் ஓங்கக்கூட இல்லை, மெதுவாகத் தட்டிக்கொடுத்தே வேலையை முடித்தார்.

நாலாம் வருஷம் தணிக்கை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் மேஜையில் நிலுவை ஒன்றுமில்லை. என் மேஜையில் இருந்தது. இருக்காதா பின்னே, அவருடையதை முடித்துவிட்டுத்தானே என்னுடையதைத் தொட்டேன்? மெமோ எனக்கு வந்தது. பாராட்டு அவருக்குப் போனது. மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதவேண்டும் என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அத்தனை வருஷத்தில் எனக்காக அவர் செய்த ஒரே வேலை அது. நன்றாகவே செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் நான் தறிக்குழியில் வளர்ந்தவன். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

  அப்போது எங்கள் தெருவில் விடிகிற நேரத்துக்குப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். பட்டு வெயில் தாங்காது, சூரியன் ஏறுவதற்குள் வேலை முடியவேண்டும். அதனால் யார் வீட்டுப் பாவு என்று யாரும் கேட்பதில்லை. பல் விளக்கிக்கொண்டே வருகிறவர்கூட வேப்பங்குச்சியைக் கடைவாய்க்குத் தள்ளிவிட்டு, அறுந்த இழை நாலைப் பிணைத்துவிட்டுத்தான் போவார். பெண்கள் அடுத்த வீட்டுக் குறுக்கு நூலையும் சேர்த்துத் தார் சுற்றுவார்கள். பாவு தீர்ந்து புதுப்பாவு பிணைக்கும்போது இரண்டு வீட்டு ஆட்கள் வந்து உட்காருவார்கள். ஒரு சேலைப் பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் பழைய நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும்.

ஆனால் ஒன்று செய்யமாட்டார்கள். நெய்துகொண்டிருக்கிற சேலையில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா ஓட்டி நெய்யமாட்டார். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார், சாயங்காலமானால் தள்ளாடுவார். தீபாவளிக்கு முன் அவர் தறியில் எப்போதும் ஒரு முந்தி மிச்சமிருக்கும். மேஸ்திரி வந்து அப்பாவிடம் கெஞ்சுவார்: "அண்ணே, நீ போய் ஒரு முழம் தட்டிட்டு வந்தா சேலை இறங்கிடும்." அப்பா போவார். தார் சுற்றி வைப்பார், அறுந்ததைப் பிணைப்பார், அவரைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு குழியில் அவரையே இறக்கிவிட்டு, பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்துகொள்வார். நாடாவை மட்டும் தொடமாட்டார்.

அது வீம்பு என்று நினைத்தேன். 1976இல் எனக்குப் பதினைந்து வயது, அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். தறியில் பாதிச் சேலை, அரக்கு உடம்பு, பச்சைக் கரை. நெசவாளர் சொசைட்டியில் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அவர் தூங்கும்போது இறங்கி ஒரு சாண் நெய்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ச்சல் விட்டு எழுந்து வந்தவர் ஒன்றும் சொல்லாமல் துணியில் விரலை ஓட்டினார். என் சாண் தொடங்கிய இடத்தில் விரல் நின்றது.

ஒவ்வொருவர் கையும் பலகையை ஒவ்வொரு விதமாக அடிக்கும். ஓங்கி அடித்தால் ஊடை இழை நெருங்கும், மெதுவாக அடித்தால் விலகும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கிற துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கை மாறிய இடத்தில் குறுக்கே ஒரு பட்டை தெரியும். பிரித்து நெய்ய நேரமில்லை. சொசைட்டியில் சேலையை ஜன்னலுக்கு நேரே விரித்தார்கள், மடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். பட்டு, ஜரிகை விலையை மாதாமாதம் கூலியில் பிடித்தார்கள்.

"நீ தார் சுத்தி வெச்சிருந்தா போதும்டா" என்றார் அப்பா. அவ்வளவுதான் திட்டு.

அதில் ஒரு லாபமும் உண்டு. பட்டு நெய்கிற வீட்டில் பட்டு கட்டுவது ஏது? அம்மாவின் பெட்டிக்கு வந்த முதல் அசல் ஜரிகைச் சேலை அதுதான். என் கல்யாணம்வரை எல்லா விசேஷத்துக்கும் அதையே கட்டினாள். கேட்டவர்களிடம், "என் பிள்ளை நெய்தது" என்றாள். ஒரு சாணுக்கு அது அதிகம்.

கூட்டு வேலையில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் கணக்கு வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் எட்டுப் பேரின் பலம் வரவில்லை, ஏறக்குறைய நாலு பேருடையதுதான் வந்தது. தேர்வடம் பிடித்த எவருக்கும் இது செய்தி அல்ல. வடத்தைத் தொட்டுக்கொண்டு கூச்சல் மட்டும் போடுகிறவர் எத்தனை பேர் என்பது முன்னால் இழுக்கிறவன் தோளுக்குத் தெரியும். பிறகு அமெரிக்காவில் லட்டானே என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1979இல் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லிச் சோதித்தார்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் சத்தமும் குறைந்தது. பின்னொரு சோதனையில், அவரவர் சத்தம் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பவைத்தபோது அந்தக் குறைச்சல் போய்விட்டது. சொசைட்டி ஜன்னல் செய்த வேலையும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. என் அலுவலகத்தில் லெட்ஜருக்கு அப்படியொரு ஜன்னல் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் லெட்ஜரில் என் கையெழுத்தே நிறைந்திருந்தும் ஒருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. எந்தச் சேலையை யார் நெய்தது என்பதை அது சொல்லாது. கரையும் முந்தியும் வைத்த சேலையைக் கைத்தறிக்கென்றே ஒதுக்க வழிசெய்து 1985இல் சட்டம் வந்தும், எங்கள் தெருவிலேயே விசைத்தறிச் சத்தம் கேட்கிறது. விசைத்தறிக்கு மூன்று நாள் காய்ச்சல் வராது. கை மாறிப் பட்டையும் விழாது.

இதையெல்லாம் அன்று ராத்திரி அண்ணன் மகனிடம் சொன்னேன். நாடாவைத் தொடாதே, தாரை மட்டும் சுற்றிக்கொடு என்று முடித்தேன். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

"உங்க ஆபீஸ்லதான் தெரியாது சித்தப்பா. இங்க எல்லாம் தெரியும். எந்த வரியை யார் எழுதினாங்க, எந்தத் தேதி, எத்தினி மணி, எல்லாத்தையும் கம்ப்யூட்டரே சொல்லும். ஒரு கமாண்டு போட்டா போதும்."

"நல்லதாப் போச்சு. நீதான் செஞ்சேன்னு தெரிஞ்சிடும்ல?"

"தெரியும். அந்த கமாண்டுக்குப் பேரு பிளேம், பழி போடறது. அதுல தப்பு வந்தாதான் யாருன்னு தேடுவாங்க. என் பேருதான் வரும்."

எனக்குப் பதில் தோன்றவில்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அம்மாவின் புடவையை எடுத்து வந்தேன். அரக்கு வெளுத்து மடிப்பில் இழை விட்டிருந்தது. அவன் போன் டார்ச்சை அடியில் பிடித்தான். நான் கண்ணாடி போட்டுத் தேடுவதற்குள், "இதானே?" என்று விரலை வைத்துவிட்டான். அந்த ஒரு சாண்.

"பிளேம் உங்க பேருல" என்றான்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் ஒரு மணி அடித்தது. பார்த்தான். "அவனேதான். இன்னொன்னும் இருக்காம்." நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டான். "அஞ்சே நிமிஷம் சித்தப்பா."

பட்டை விழுந்த பக்கம் உள்ளே போகும்படி புடவையை மடித்தேன். பதினொன்றரை ஆகியிருந்தது.