லீவு சார்

இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தால், கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து "தெரியல சார்" என்று குரல் கொடுத்துவிடுவேன்.

"இல்ல சார், நாளைக்கு ஸ்கூல் உண்டா இல்லையான்னு..."

"அதைத்தான் தெரியலைன்னேன்."

"உங்களுக்கே தெரியலையா?"

அந்த 'உங்களுக்கே'யில்தான் வில்லங்கம். நான் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கோட்டையில் ஓர் அறிவிப்பு தயாரானால், ஒற்று மிகுமா மிகாதா என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறார்கள் என்பது இரண்டாம் மாடிக்காரரின் அசைக்க முடியாத நம்பிக்கை.

குடியிருப்பில் அவருக்கு லீவு சார் என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். தனக்கென்று ஒரு நாள் லீவு போட்டதாக வரலாறு கிடையாது. பிள்ளைகளின் லீவுதான் அவருடைய முழு நேரத் தொழில். மூத்தவள் ஒரு பெண், இளையவன் ஒரு பையன். 2020 மார்ச்சில் பெண் பத்தாம் வகுப்பு, பையன் எல்.கே.ஜி. கொரோனா பார்த்துப் பார்த்து இப்படிப்பட்ட வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தது போலிருக்கிறது.

மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிகளும் மூடல், 31 வரை என்று அறிவிப்பு வந்த அன்று அவர் என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு வாரம்தானே சார், பாட்டி வீட்ல விட்டுடலாம்." அந்த ரெண்டு வாரம் பையனுக்கு முடிய பத்தொன்பது மாதங்கள் ஆயின. பாட்டி வீட்டுக்கும் போகவில்லை. அதற்கு இ-பாஸ் கிடைக்கவில்லை.

பெண்ணின் பொதுத்தேர்வுதான் அவரை முழுமையான லீவு சாராக ஆக்கியது. மார்ச் 27 அன்று தொடங்கவேண்டிய தேர்வு ஏப்ரல் 15க்குப் போயிற்று. அப்புறம் ஜூன் 1. அப்புறம் ஜூன் 15. அவர் வீட்டு மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அடித்து, அடுத்ததற்கு வட்டம் போட்டிருப்பார். முகூர்த்த நாள் பார்ப்பவர் வீட்டுக் காலண்டர்கூட அவ்வளவு கலவரமாக இருக்காது. ஒவ்வொரு தேதி வரும்போதும் இரண்டு கவலை. தேர்வு நடந்தால், "புள்ளைங்கள ஒரே ஹால்ல உட்கார வெச்சா தொத்திக்காதா?" நடக்காவிட்டால், "வருஷம் முழுக்க டியூஷன் பீஸ் கட்டினது எதுக்கு?"

ஜூன் 9 அன்று தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். லீவு சார் மாடிப்படியில் ஏறி வந்து எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார், முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையை நீட்டி, தூரத்திலிருந்து. பாதி மிட்டாய் தின்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. மதிப்பெண்ணில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து. 20 சதவீதம் வருகைப் பதிவிலிருந்து.

அவர் முகம் போன போக்கை மாஸ்க்குக்கு மேலேயே பார்க்க முடிந்தது. காலாண்டுத் தேர்வு சமயத்தில் "காலாண்டுதானே, விடு" என்று பெண்ணைத் தேற்றியவர் அவரேதான். அரையாண்டுக்கு முன்னால் மச்சினன் கல்யாணத்துக்காக நாலு நாள் லெட்டர் கொடுத்துக் கூட்டிப்போனவரும் அவரேதான். பல வருஷம் சும்மா கிடந்த காலாண்டுத் தேர்வு, ராத்திரியோடு ராத்திரியாகப் பதவி உயர்வு பெற்றுப் பொதுத்தேர்வு ஆகிவிட்டது. வருஷம் முழுக்கக் கவனிக்காத மருமகன் கலெக்டராகிவிட்ட சங்கடம்தான் அது. அன்றிலிருந்து அவர் மச்சினனோடு சரியாகப் பேசுவதில்லை.

லீவு சாரின் இயங்கு முறையைச் சொல்ல வேண்டும். அவர் போனில் பள்ளி சம்பந்தமாக நாலு வாட்ஸாப் குழுக்கள். ஒன்று பள்ளி நடத்துவது. அதில் யாரும் பேச முடியாது. இரண்டாவது வகுப்பாசிரியை நடத்துவது; அதில் எல்லோரும் 'தேங்க்யூ மேம்' மட்டும் போடுவார்கள். மூன்றாவது பெற்றோர் மட்டும் இருப்பது. இதில் ஆசிரியையைப் பற்றிப் பேசுவார்கள். நாலாவது, மூன்றாவதில் இருக்கும் சிலரைப் பற்றிப் பேசுவதற்காக மற்றச் சிலர் ஆரம்பித்தது. மூடல் செய்தி எப்போதும் நாலாவதில் பிறந்து மூன்றாவதற்கு வரும். அதாவது, ஊர்ஜிதம் குறையக் குறைய வேகம் கூடும்.

செய்திக்கு ஓர் இலக்கணம் உண்டு. சிவப்புப் பட்டையில் 'பிரேக்கிங்' என்ற தொலைக்காட்சிப் படம் வரும். தேதி இருக்கவேண்டிய மூலையை யாரோ கத்தரித்திருப்பார்கள். கீழே ஒருவர் "கன்ஃபர்மா?" என்பார். இன்னொருவர் கைகூப்புவார். மூன்றாமவர் "என் கொழுந்தன் டி.இ.ஓ. ஆபீஸ்ல இருக்காரு, கேட்டுச் சொல்றேன்" என்று போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். அந்தக் கொழுந்தனுக்காக ஐம்பது குடும்பங்கள் பதினொன்றரை வரை விழித்திருக்கும். யூனிஃபார்ம் இஸ்திரி போடுவதா வேண்டாமா, காலையில் இட்லி பானையை ஆறுக்கு ஏற்றுவதா எட்டுக்கு ஏற்றுவதா என்பதெல்லாம் அந்தக் கொழுந்தன் கையில்.

இஸ்திரியும் இட்லியும் லீவு சார் சம்சாரத்தின் இலாகா. அவர் வேறு ரகம். ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கொரோனா காலத்தில் கவச உடை போட்டு மாதிரி எடுத்துவிட்டு வந்து, வீட்டு வாசலிலேயே குளிக்கிற மாதிரி கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போவார். ஊரில் கொரோனா எவ்வளவு என்று உண்மையில் தெரிந்த ஆள் அந்த வீட்டிலேயே இருந்தார். லீவு சார் அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மாடி ஏறி என்னிடம் வருவார்.

கட்டணக் கவலை தனிக் கதை. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றது. கணக்கர் ஆயிற்றே, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார். பள்ளிக்கூடம் மூடியிருந்தால் வேன் பணம் மிச்சம், ஸ்நாக்ஸ் மிச்சம், ஷூ மிச்சம். செலவுப் பக்கம்: இன்னொரு ஸ்மார்ட்போன், டேட்டா, ஹெட்போன் (ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பிள்ளை உடைத்ததற்கு), கபசுரக் குடிநீர். கூட்டிப் பார்த்தால் மூடினாலும் நஷ்டம், திறந்தாலும் நஷ்டம். தணிக்கையாளர் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகள், மாநகராட்சிப் பள்ளியில். அவருக்கு நாலு குழுக்கள் இல்லை; ஒரு போன், அதுவும் புருஷன் வேலைக்கு எடுத்துப்போகிற போன். பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் வாத்தியார், கேபிள் இருக்கிற நாட்களில். பள்ளி மூடினால் மதியச் சாப்பாடு மூடும் என்பது அவர் கவலை. அதற்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். "அரிசி குடுத்தாங்க, சரி. ஸ்கூல்ல வேளைக்கு உட்கார வெச்சுப் போடுவாங்களே, அது?" என்று ஒரு தடவை கேட்டார். லீவு சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று மட்டும் அவர் நாளைக்கு உண்டா என்று கேட்காமல் இறங்கிப்போனார்.

இப்போது அவருடைய வாழ்வின் உச்சக் கட்டத்துக்கு வருகிறேன். 2020 நவம்பர் 16 முதல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்புகளைத் திறக்கலாம் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், பெற்றோரைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று நவம்பர் 9 அன்று பள்ளிகள்தோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பெண் அப்போது பிளஸ் ஒன். எட்டு மாதமாக மாடிப்படியில், லிஃப்டில், பால் பூத்தில், மருந்துக் கடை வரிசையில் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவரை, அரசாங்கமே கூப்பிட்டுக் கேட்கிறது! அன்று அவர் சட்டையை இன்சர்ட் செய்துகொண்டு போனார்.

நடந்ததை அவர் சம்சாரம் பிறகு என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இடைவெளி விட்டு நாற்காலி. நெற்றியில் வெப்பமானி. கையில் ஒரு தாள், ஒரு பேனா. திறக்கலாமா, வேண்டாமா, உங்கள் கருத்து. லீவு சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கலாம் என்று எழுதி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் கையெழுத்து. வேண்டாம் என்று எழுதி, பெண் பிளஸ் டூவில் கோட்டைவிட்டால் அதற்கும் தன் கையெழுத்து. கால் மணி நேரம் கழித்து எழுந்துபோய் ஆசிரியையிடம் மெதுவாகக் கேட்டாராம்: "மேடம், மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க?"

"அதைச் சொல்லக் கூடாது சார்."

திரும்பி வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'அரசு எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.'

மூன்று நாளில் பள்ளித் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. லீவு சார் மாடி ஏறி வந்தார். "பார்த்தீங்களா சார், நாம சொன்னதைக் கேட்டுட்டாங்க."

2021 ஜூனில் பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போனான், அதாவது ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போனான். அங்கேதான் சிக்னல் வரும். கேமராவுக்குப் பின்னால் தரையில் தவழ்ந்தபடி லீவு சார் பதில்களை எடுத்துக்கொடுப்பார். ஆசிரியை ஒருநாள் பொறுக்க முடியாமல், "அப்பா, உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். பையன் சொல்லட்டும்" என்றார். நாற்பது பெட்டிகளுக்குள் நாற்பது குழந்தைகளும், பெட்டிக்கு வெளியே மறைந்திருந்த நாற்பது அப்பா அம்மாக்களும் சிரித்தார்கள். குக்கர் விசிலடித்தது. யார் வீட்டு குக்கர் என்று கடைசிவரை தெரியவில்லை.

நவம்பர் 1 அன்று ஒருவழியாக ஒன்றிலிருந்து எட்டு வரை திறந்தார்கள். 2020 மே மாதம் யூ.கே.ஜி.க்காக ஆன்லைனில் வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருந்த கறுப்பு ஷூவை எடுத்தால், கட்டைவிரல் மட்டும் உள்ளே போயிற்று. ஷூ ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாமலே ஓய்வு பெற்றது. பையனுக்கு வாசலில் ஒத்திகை நடந்தது: "தும்மல் வந்தா கேட் தாண்டினப்புறம் தும்மு. கேட்ல தும்மினா திருப்பி அனுப்பிடுவாங்க." குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்த முதல் வாரமே தீபாவளி. தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையே மிதந்தது. திங்களும் செவ்வாயும் மழை லீவு. லீவு சார் போனில் வைரஸ் நிபுணர்களின் இடத்தில் ஒரே இரவில் மழைப் பதிவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவருக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு நிறம் அங்கும் உண்டு.

புத்தாண்டுக்கு முதல் நாள் ஒமைக்ரானுக்காகச் சின்ன வகுப்புகளுக்கு மறுபடி மூடல், ஜனவரி 10 வரை. பிறகு 31 வரை. பிப்ரவரி 1 அன்று திறந்தபோது அவர் என்னிடம் சொன்னது: "இது நிலைக்காது சார்." நிலைத்தது. பெண் 2022 மே மாதம் பிளஸ் டூ எழுதினாள். பத்தாவதும் பிளஸ் ஒன்னும் எழுதாமலே தாண்டி வந்த அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பொதுத்தேர்வு. காலையில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். அப்பா ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, தேர்வு ரத்து என்று ஏதாவது வந்திருக்கிறதா என்று நாலாவது குழுவில் தேடிக்கொண்டிருந்தார்.

2023 மார்ச்சில் காய்ச்சல் பரவுகிறது என்று புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரைக்கும் 16ஆம் தேதி முதல் 26 வரை லீவு விட்டார்கள். செய்தி திண்டிவனம் தாண்டி எங்கள் குடியிருப்புக்கு வருவதற்குள் 'புதுச்சேரி' என்ற சொல் வழியிலேயே இறங்கிவிட்டது. ஒன்பதே காலுக்கு மணி அடித்தது.

"தெரியல சார்."

"அது இல்ல சார். கதவைத் திறங்க."

கையில் ஒரு தாள், ஒரு பேனா. பையன் வகுப்பை வண்டலூருக்குக் கூட்டிப்போகிறார்கள். பெற்றோர் சம்மதம் கேட்டிருக்கிறது பள்ளி. சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம். இரண்டும் காலி. கீழே அவரே ஒரு கோடு போட்டு ஏதோ எழுதியிருந்தார். "ஒற்று மிகுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 'பள்ளி எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.'

"மிகும் சார். சரியா போட்டிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குள் சம்சாரம் பின்னாலேயே மாடி ஏறி வந்துவிட்டார். தாளை வாங்கி, சுவரில் வைத்து, முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்தைப் போட்டார். "காலைல ஆறரைக்கு பஸ். வாங்க, புளிசாதத்துக்குப் புளி ஊற வைக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். லீவு சார் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினார்.

"ஏன் சார், நாளைக்கு வண்டலூர் திறந்திருக்குமா?"