மேட்டில் மெதுவாக, கூட்டத்தோடு

கேள்வி: காலில் ரத்தம் உறைந்து நுரையீரல் வரை போய்விட்டது. மருந்து சாப்பிட்டு வருகிறேன். சைக்கிள் நண்பர்கள், “வாங்க, மெதுவா போகலாம்” என்கிறார்கள். போகலாமா?

பதில்: டாக்டர் தலையசைத்ததும் தாராளமாக! ரத்தக்கட்டியைக் கரைப்பது உங்கள் உடம்புதான். மாத்திரை அது வளராமல் காவல் நிற்கிறது. குறைந்தது 3 மாதமாவது அந்தக் காவல் வேண்டும். மிதிக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும், நல்லதே. ஆனால் இந்த மருந்து சாப்பிடும் நாட்களில் விழுந்தால் ரத்தம் லேசில் நிற்காது. ஹெல்மெட் கட்டாயம். தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரி.

2011-ல் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2012-ல் விம்பிள்டன் வென்றார். உங்களுக்கு இப்போதைக்கு அடுத்த டீக்கடை போதும். மேட்டில் உங்களுக்கு மூச்சு வாங்கும்போது, கியரைக் குறைத்துப் பக்கத்திலேயே உருட்டி வருகிறாரே ஒருவர், அவரை விடாதீர்கள். மாத்திரை வேளை தவறினால் திட்டும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள்!