சம்புவராயருக்கு என்னடா அவசரம்?

வா மாப்ள, உக்காரு. படவேட்டு வரலாறுன்னு புத்தகம் போட்டுட்டியாம், நூறு பேருக்குத் தபால்ல அனுப்பப் போறியாம். ரேணுகாம்பா கோயில் வாசல் வரைக்கும் பேச்சு வந்துட்டுது. சந்தோஷம். ஆனா கையில இன்னாடா அது, அட்டைப்பொட்டி? உள்ள பபுள் ஷீட்டு, மேல நாலு சுத்து டேப்பு! அனுப்பறது புத்தகமா, கல்யாணப் பொண்ணா?

மளிகைக் கடைத் தராசுல வெச்சுப் பாத்தியா? புத்தகம் மட்டும் 270 கிராம். உன் ஜோடனையோட 430. அந்த 160 கிராமைப் படிக்கறவன் கிழிச்சுக் குப்பையில போடுவான். காசு நீ கட்டுவ.

ஸ்பீட் போஸ்ட்ல போடறேன்ற. நீ சொன்னா போடு, உன் பணம். 2025 அக்டோபர்ல ஏத்துன கட்டணப்படி, 200 கிலோமீட்டருக்குள்ள இருக்கற சென்னைக்கு 250 கிராம் வரைக்கும் 59 ரூபா, அதுக்கு மேல ஒரு கிராம் போனாலும் 70. வரி தனி. நூறு புத்தகத்துக்கு ஏழாயிரம். குமார கம்பணன் படையெடுத்து வந்து, நம்ம படவேட்டை ஆண்ட சம்புவராயர் ராஜ்ஜியத்தை முடிச்சு அறுநூறு வருசத்துக்கு மேல ஆவுது. இத்தினி காலம் பொறுத்தவரு, இன்னும் நாலு நாள் பொறுக்க மாட்டாரா?

பழைய பதிவு புக் போஸ்ட்டை 2024 கடைசியில நிறுத்திட்டாங்கன்னு ஒப்பாரி வெச்சியே, அதுக்கப்புறம் வந்ததைக் கேட்டியா? 2025 மே 1-லேர்ந்து ஞான் போஸ்ட்டுன்னு ஒண்ணு ஓடுது. புத்தகத்துக்குன்னே. 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 500 வரைக்கும் 25, அஞ்சு கிலோவுக்கு 100. இதுக்கும் வரி தனி. ரயில்லயும் வண்டியிலயும் மெதுவாத்தான் போவும், ஆனா எங்க போவுதுன்னு போன்ல பாத்துக்கலாம். கவர் மேல ஞான் போஸ்ட்டுன்னு எழுதணும். புத்தகத்துல அச்சடிச்சவன் பேரோ வெளியிட்டவன் பேரோ இருக்கணும். உன் போட்டோவை மூணு இடத்துல போட்ட நீ, அச்சகத்தான் பேரைப் போட்டியான்னு பாத்துக்க. அப்புறம் உள்ள உன் வாழைமண்டி நோட்டீசைச் சொருகாத. விளம்பரத்துக்கு அங்க எடமில்ல.

இப்ப கட்டறதைப் பாரு. புத்தகத்துக்கு அடிபடறது நாலு மூலையிலதான். வூட்ல கெடக்கற பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி மூலைக்கு மடிச்சு வை. மழைக்கு ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பை. மேல அளவான பழுப்புக் கவர். ஓரத்துல ஒரே வரி டேப்பு. முன்னூறைத் தாண்டாது. புத்தகம் உள்ள ஆடாம இருந்தாப் போதும். பெரிய பொட்டியில போட்டா உருண்டு உருண்டு அதுவே தன் மூலையை நசுக்கிக்கும்.

பெரிய பொட்டியைக் கூரியருக்குத் தூக்கினு போனா அது வேற கூத்து. நீளம், அகலம், உயரத்தை செண்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பான். 30-க்கு 25-க்கு 10-ன்னா ஒன்றரைக் கிலோ! கால் கிலோ புத்தகத்துக்கு ஒண்ணேகால் கிலோ படவேட்டுக் காத்தை ஏத்தி அனுப்புவியா?

நூறு கவர் வாங்காத, தொண்ணூத்தொம்போது வாங்கு. என் பிரதியை இப்பவே கையில குடுத்துட்டுப் போ. மாமன்கிட்ட வெலை கேக்க மாட்டல்ல?