பழைய ஜிப்ஸியும் திணை மயக்கமும்

தில்லியில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் செகண்ட் ஹேண்ட் மாருதி ஜிப்ஸி வாங்கலாமா, கூடாதா என்பதே இவ்வாய்வின் பொருள். இவ்வினா இதுவரை காலை நடைப்பயிற்சியிலும், கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்கு முன்னும், தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் தொடங்கக் காத்திருக்கும் நேரத்திலும் மட்டுமே அலசப்பட்டு வந்தது. முறையான ஆய்வு இல்லை. அக்குறையைப் போக்க எழுந்த இவ்வாய்வுக்கு வடக்கே காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தை, தெற்கே குருகிராம், கிழக்கே மயூர் விஹார், மேற்கே மாயாபுரி காயலான் கடைகள் எல்லை. இந்நான்கெல்லைக்கு வெளியே நிற்கும் ஜிப்ஸிகளுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

முதலில் குலமுறை கிளத்துவோம். மூதாதை 1970-இல் ஜப்பானில் பிறந்த சுசுகி ஜிம்னி. அதன் எஞ்சின் 359 சிசி டூ ஸ்ட்ரோக், அதாவது நம்மூர் புல்லட்டைவிட ஒரு சிட்டிகை பெரியது. இந்தியக் கிளை 1985 டிசம்பரில் 970 சிசியுடன் தோன்றியது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சின், 2000-இல் எம்பிஎஃப்ஐ, 80 குதிரைத்திறன். முப்பத்து சொச்சம் ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இவ்வளவே. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், பெட்டி போன்ற உடல் எல்லாம் அப்படியே இருந்தன. ஏபிஎஸ்ஸும் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கட்டாயமான 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியை ஆராயலாமே என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கக்கூடும். அதில் ஏசி குளிர்கிறது, பாட்டு கேட்கிறது. ஆய்வுக்கு வேண்டிய துன்பம் அதில் போதாது.

வண்டிக்கும் முதல், கரு, உரி உண்டு. ஜிப்ஸியின் நிலம் மலையும் மலை சார்ந்த இடமும். பொழுது, பனிக்காலம். கருப்பொருள்: ராணுவ வீரர், கார்பெட் காட்டில் புலி பார்க்க வந்த பயணி, ஜெர்ரி கேன். தில்லியின் நிலமோ வேறு. யமுனைக் கரையில் காய்கறி விளைகிற கொஞ்சம் மருதம். ரிட்ஜில் கீகர் மரம் மண்டிய முல்லை. அங்கே வண்டியை இறக்கினால் வனத்துறை பிடித்துக்கொள்ளும். மே, ஜூனில் ஊர் முழுக்கப் பாலை. நெய்தல் என்பது கனமழை பெய்தால் மின்டோ பாலத்தடியில் தோன்றும். அதில் பஸ்ஸே மூழ்கும். (அங்கே நாலு சக்கரத்துக்கும் விசை போனால் பயன் என்ன? எஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்தால் ஜிப்ஸியும் ஆட்டோவும் ஒன்றே.)

குறிஞ்சிதான் இல்லை. நம்மவருக்குத் தெரிந்த ஒரே மலை ஆர்.கே.புரத்தில் 1973-இல் குடமுழுக்கு கண்ட மலை மந்திர். குறிஞ்சிக் கடவுளே குடியிருந்தாலும் வண்டி கீழே நிற்கும், படியேறுவது முழங்கால். ஆக, குறிஞ்சி வண்டியைப் பாலையில் கொண்டுவந்து நிறுத்துவது திணை மயக்கம். இலக்கணம் இதை மறுக்கவில்லை. வீட்டில்தான் மறுக்கிறார்கள்.

மறுப்பவர் வாதம் வலுவானது என்பதையும் ஆய்வு நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். ஜிப்ஸியின் நாலு சக்கர ஓட்டம் எப்போதும் இயங்குவதன்று. வேண்டும்போது சின்ன லீவரைத் தள்ளிப் போட வேண்டும். பல வண்டிகளில் இறங்கிப்போய் முன்சக்கர ஹப்பையும் கையால் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டியதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகிவிடும். வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டியவை. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலும் பனியிலும் டயர் வழுக்கிக்கொடுத்துச் சமாளிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாமல் வண்டி முறுக்கிக்கொண்டு முனகும். தில்லிச் சாலைகள் தார்ச்சாலைகள். எனவே எதற்காக இந்த வண்டியை வாங்குகிறோமோ, அதைத் தில்லியில் பயன்படுத்தவே கூடாது. இதற்கு இணையான ஒரு முரணை வேறெந்தத் துறை ஆய்விலும் நாம் கண்டதில்லை.

இனிக் கள ஆய்வு. கரோல் பாக் வியாபாரியின் முதல் வாக்கியம் எங்கும் ஒன்றே: "காடி பில்குல் மக்கன் ஹை, அங்கிள்." அதாவது வண்டி வெண்ணெய் போல. லீஃப் ஸ்பிரிங் வைத்த வண்டியில் வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அடுத்தது உரிமையாளர் பற்றிய கூற்று. மாருதி ஆல்டோ என்றால் டாக்டரம்மா ஓட்டியது. ஜிப்ஸி என்றால் கர்னல் சாப் ஓட்டியது. விற்பனைக்கு நிற்கும் ஜிப்ஸிகளை வைத்துக் கணக்கிட்டால் நம் ராணுவத்தில் சிப்பாய்களைவிடக் கர்னல்கள் அதிகம்.

வாய்மொழி வழக்காற்றை விட்டுவிட்டுப் பொருள்சார் சான்றுகளுக்கு வருவோம். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும். கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள்: கோடுகள் தேய்ந்து, இடது ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தால் அந்தக் கிளட்ச்சை மிதித்த கால் இந்தியாவை நாலு சுற்று சுற்றியிருக்கிறது. வண்டியில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆவணம் அதுதான். பிறகு மொபைல் வெளிச்சத்தோடு அடியில் படுக்க வேண்டும். சேசிஸ் புதுக் கறுப்புப் பெயின்டில் பளபளத்தால் மகிழ்ச்சி அடையாமல் சாவி முனையால் மெல்லச் சுரண்டுங்கள். பெயின்டோடு தகடும் அப்பளம்போல் உதிர்ந்தால் எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, "யோசித்துச் சொல்கிறோம்" எனலாம். அந்தச் சின்ன லீவரையும் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டிருந்தால் நகராது. வியாபாரி அதை "நல்ல டைட்டா இருக்கு" என்று புகழ்வார்.

காலம் பற்றிய இயல் சுருக்கமானது, ஆனால் கலங்கவைப்பது. தில்லியில் டீசலுக்கு ஆயுள் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து. பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் ஆயுள் முடிந்த வண்டிக்குப் பங்கில் எண்ணெய் இல்லை என்றார்கள். சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்காதே என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பிஎஸ் 4 மாசுத் தரத்துக்கும் மேற்பட்டதற்கும் மட்டுமே என்று திருத்தியது. ஜிப்ஸி பெட்ரோல் வண்டி என்பதால் பத்தாண்டில் சாகாமல் பிழைத்தது. தில்லிக்கு பிஎஸ் 4 வந்தது 2010 ஏப்ரலில் என்பதால் அதற்கு முந்தையவை செத்தன. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தில்லி ஜிப்ஸியின் உயிர் ஆர்சி புத்தகத்தில்தான் இருக்கிறது.

வாங்கலாம் என்பார் காட்டும் ஒரே கனமான சான்று மணாலி. கடும் பனி விழும் நாட்களில் சோலங்கிலிருந்து அடல் சுரங்கம் பக்கம் 4x4 வண்டிகளை மட்டும் போலீசார் விடுவதுண்டு. மற்றவர்கள் தடுப்பில் நிற்க, நம்மவர் லீவரைத் தள்ளிவிட்டுக் கடந்துபோகும் அந்தக் காட்சிக்காகவே பாதிப் பேர் இவ்வண்டியைக் கனவு காண்கிறார்கள். அங்கேயே 4x4 டாக்சி கிடைக்கும் என்று மனைவி சொல்வார். அது உண்மை. ஆனால் டாக்சியில் லீவரை டிரைவர் அல்லவா தள்ளுவார்?

ஆய்வு முடிவு: வாங்கக் கூடாது. பின்னிருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து மயூர் விஹாரிலிருந்து கோயிலுக்கு வர மாமியார் சம்மதிக்க மாட்டார். தில்லி வெயிலில் துணிக் கூரையின் கீழ் அவர் சொல்லப்போவதை இக்கட்டுரையில் அச்சிட முடியாது.

இருந்தாலும் மேலாய்வுக்கு இடமுண்டு. 2015-க்குப் பிந்தைய, ஹார்டுடாப், சேசிஸில் துருவில்லாத, லீவர் நகர்கிற ஜிப்ஸி எங்காவது நிற்பதாக வாசகர்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து தகவல் கொடுங்கள். வாங்க அல்ல, சும்மா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.