கடைக்குட்டி வரை ஒரே கவுன்

கே: பேரப்பிள்ளைகள் மட்டும் பதினொன்று. ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் என்று ஓயாமல் விசேஷம். எப்படிச் சமாளிப்பது? (ஒரு பாட்டி, தாராவி)

ப: புதுநன்மை கவுனில் உள்மடிப்பு தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள் பாட்டி, கடைக்குட்டி வரை ஓடும். ஞானத்தாய், ஞானத்தகப்பனுக்குத்தான் பஞ்சம் வரும். அதனால் செம்பூர், மாட்டுங்கா சொந்தங்களோடு சண்டை வேண்டாம். மொட்டைக்கு வேளாங்கண்ணி. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லையா? அடுத்த ஞாயிறே பாந்திரா மவுண்ட் மேரி திருவிழா தொடங்கிவிடும். மாகிமில் 1948 முதல் புதன்தோறும் நவநாள் வேறு. நேர்த்திக்கு மெழுகில் செய்த வீடுகூட விற்கிறார்கள். பதினொரு பேருக்குத் தாராவியில் இடம் கேட்கப்போகிறீர்கள்; மாடி வைத்த மெழுகு வீடாகப் பார்த்து வாங்குங்கள்.