ஏணிக்கு எவ்வளவு கட்டணம், ஐயா?

அனுப்புநர்:
மாதச் சந்தாதாரர் (முன்பணம் செலுத்தியவர்),
சென்னை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது டெல்லி.

பொருள்: வீட்டு டி.வி.க்கும் இன்டர்நெட்டுக்கும் கேபிளா ஃபைபரா என்று முடிவெடுக்கத் தாங்கள் வழங்கியுள்ள தேர்வுரிமைக்கு நன்றி தெரிவித்தலும், அவ்வுரிமை எங்கள் தெருவில் எத்தனையாவது கம்பத்தோடு முடிகிறது என விளக்கம் கோரலும் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 2017ஆம் ஆண்டுக் கட்டண ஆணையும் பிந்தைய திருத்தங்களும். 2. எங்கள் வீட்டு மோடத்தில் எரியும் சிவப்பு விளக்கு.

ஐயா,

வணக்கம். தனிநபர் புகார்களை விசாரிக்கும் வேலை தங்கள் ஆணையத்துடையது அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதைப் புகார் என்று எண்ணிவிட வேண்டாம். நன்றி சொல்லக் கூடாது என்று 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சென்னைக்காரர்களுக்குக் கட்டுப்பாட்டைக் கற்றுத்தர வேண்டியதில்லை. 2003இல் நான்கு பெருநகரங்களிலும் செட்-டாப் பாக்ஸ் என்று அரசு அறிவித்தபோது மற்ற மூன்றும் தட்டிக்கழித்துவிட, சொன்ன பேச்சைக் கேட்டுப் பெட்டி வாங்கி வைத்த ஊர் இது. 2011இல் மற்ற மாவட்டங்களில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு ஓடியபோதும் பெருமூச்சு விட்டதோடு சரி.

அப்பேர்ப்பட்ட எங்களுக்கு 2019 பிப்ரவரி 1 அன்று தாங்கள் விடுதலை அளித்தீர்கள். அதற்கு முன்பெல்லாம் மாதம் பிறந்தால் கேபிள்காரர் வருவார், பணத்தை வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்துப் போடுவார், டி.வி. ஓடும். தேர்வுரிமை இல்லாத அடிமை வாழ்வு. விரும்பும் சேனலுக்கு மட்டும் காசு கொடு என்றீர்கள். அடிப்படையாக 100 சேனலுக்கு 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 பைசா. அந்த 40 பைசாவைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. பைசா வரைக்கும் யோசித்தவர்கள் மற்றதையும் யோசிக்காமலா இருப்பார்கள்?

அந்த நூற்றில் இருபதுக்கு மேல் தூர்தர்ஷனுக்குக் கட்டாய இடம். எச்.டி. சேனல் ஒன்று எடுத்தால் இரண்டாகக் கணக்கு. மிச்சத்தை எங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளலாம். அதற்கென்று தங்கள் இணையதளத்தில் ஒரு பக்கமே திறந்தீர்கள். 2020இல் செயலியும் வந்தது. குடும்பத்தோடு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். என் அம்மாவுக்குச் சேனலின் பெயர் தெரியாது, ரிமோட்டில் அழுத்தும் எண்தான் தெரியும். பையனுக்கு டி.வி.யே தேவையில்லை. மனைவி கேட்ட சமையல் சேனல் எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் சமையலே முடிந்துவிட்டது.

கூட்டிப் பார்த்தால் பழைய தொகையைவிட அதிகம். தொகுப்பில் சேர வேண்டுமானால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றீர்கள். பெரிய சேனல்கள் பலவும் தாண்டவில்லை, சரியாக 19இல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தன. ஒன்றைத் தனியாகக் கேட்டால் 19. கூட ஒரு டஜனைக் கட்டித் தலையில் வைத்தால் இன்னும் கொஞ்சம். வேண்டியதை மட்டும் வாங்குகிறவன் ஏமாளி, வேண்டாததையும் சேர்த்து வாங்குகிறவன் கெட்டிக்காரன் என்றாகிவிட்டது. 2020இல் அந்த 19ஐ 12 ஆக்கினீர்கள். ஒளிபரப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில் 12ஐத் திரும்ப 19 ஆக்கினீர்கள். நடுவில் 130 ரூபாய்க்கு 100 சேனல் என்பதை 200 ஆக்கினீர்கள்; 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டு, இனிச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது ஐயா, எங்களை.

இவ்வளவு ஆணைகளுக்கும் நடுவில் எங்கள் கேபிள்காரர் சொன்னது ஒரே வாக்கியம்: “தமிழ் பேக் போட்டு விட்டுடறேன் சார், குழப்பிக்காதீங்க.” போட்டுவிட்டார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இப்போது கடிதத்தின் விஷயத்துக்கு வருகிறேன். டி.வி.க்கு ஒரு பில், இன்டர்நெட்டுக்கு ஒரு பில் எதற்கு, இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்துவிடலாம் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. போட்டி இருந்தால்தான் நுகர்வோருக்கு நன்மை என்று தாங்கள் சொல்லிவருவதால் மிகுந்த ஆவலோடு விசாரித்தேன். தெருவில் மூன்று வழி இருந்தது. முதல் வழி கேபிள்காரர். இரண்டாவது, ஒரு ஃபைபர் நிறுவனம். கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் எண்ணை அழைத்தேன். கேபிள்காரரே எடுத்தார். காலையில் அவர் கேபிள்; பகலுக்கு மேல் அந்த நிறுவனத்துக்கு ஏரியா ஃபிரான்சைஸ். குரலைக்கூட மாற்றவில்லை, “சொல்லுங்க சார்” என்பது “வணக்கம், சொல்லுங்க சார்” ஆகியிருந்தது, அவ்வளவுதான். (இது எங்கள் தெருவின் அதிசயம் அல்ல. பி.எஸ்.என்.எல். ஃபைபரையே பல ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர்கள்தான் கூட்டாளிகளாக இருந்து வீடுவரை இழுத்துக் கொடுக்கிறார்கள்.)

கேபிளிலேயே இருந்துவிடட்டுமா என்று கேபிள்காரராகிய அவரிடம் கேட்டேன். “கேபிள்லாம் இனிமே எதுக்கு சார், ஃபைபர் போட்டுக்கோங்க” என்றார். ஃபைபரிலேயே டி.வி.யும் பார்த்துக்கொள்ளலாமா என்று ஃபைபர்காரராகிய அவரிடம் கேட்டேன். “டி.வி.க்கு நம்ம கேபிள் இருக்கட்டும் சார், நெட் போனாலும் அம்மாவுக்கு சீரியல் ஓடும்” என்றார். தன்னோடு தானே போட்டியிட்டு இரண்டு பக்கமும் ஜெயிக்கும் ஒருவரைத் தங்கள் விதிகளின் எந்த உட்பிரிவில் அடக்குவீர்கள்?

அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. கேபிள் என்பது செம்பு. தெருவில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேண்டும். நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் பக்கத்துத் தெருவில் கரண்ட் போனால் படம் போய்விடும். இடி இடித்தால் பெட்டியைப் பிடுங்கிவைக்க வேண்டும். ஃபைபர் கண்ணாடி. நடுவழியில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தால் தெருவே இருட்டாகக் கிடக்கும்போதும் நெட் வரும். ஆனால் கேபிள் அறுந்தால் அதைச் சேர்க்க ஒரு கத்தி போதும்; எங்கள் கேபிள்காரர் கத்தியும் இல்லாமல் பல்லாலேயே உறையைக் கடித்து இழுத்து, கனெக்டரைத் திருகிவிட்டுப் போவார். 125 மைக்ரான் கண்ணாடி இழையிடம் பல் செல்லாது. அதற்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும், மெஷினைத் தூக்கிவரும் பையன் வேண்டும், பையன் நிற்பதற்கு ஏணி வேண்டும்.

இந்த ஏணி என்ற சொல் தங்கள் கட்டண ஆணையில் ஒரு இடத்தில்கூட இல்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

மூன்றாவது வழியைத்தான் கடைசியில் எடுத்தோம். நாடெங்கும் கடை விரித்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம். ஆறு மாதப் பணத்தை முன்னால் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம். 100 எம்.பி.பி.எஸ்., வரம்பற்ற டேட்டா. எட்டால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் என்பதை விளம்பரம் சொல்லாது. வரம்பற்றதன் வரம்பு மாதம் 3,300 ஜி.பி. என்று நிபந்தனைகளில் எழுதியிருந்தது. என்னைக் கேட்டால் வரம்பில்லாததற்கு ஒரு வரம்பு கண்டுபிடித்தவர்களுக்குத் தத்துவத்தில் டாக்டர் பட்டம் தரலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வேகம் மூன்று எம்.பி.பி.எஸ்.ஸாகச் சுருங்கியது. அதிலும் குறை சொல்வதற்கில்லை. 2004இல் 256 கே.பி.பி.எஸ். வந்தாலே பிராட்பேண்ட், 2013இல் 512, 2023 ஜனவரியிலிருந்து 2 எம்.பி.பி.எஸ். ஆகவே எனக்கு வருவது அரசு வகுத்த பிராட்பேண்டைப்போல ஒன்றரை மடங்கு.

ஆடி மாதம் வந்தது. தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழா. சீரியல் லைட் கட்டுகிறவர்கள் கம்பத்துக்குக் கம்பம் ஏறி, குறுக்கே தொங்கிய ஒயர்களை இழுத்து ஒரே முடிச்சாகக் கட்டினார்கள். மாரியம்மன் பச்சை விளக்கில் ஒளிர்ந்தாள். எங்கள் மோடத்தில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு. கஸ்டமர் கேரில் ஒரு பெண் குரல், மோடத்தை அணைத்துப் போடச் சொன்னது. அணைத்துப் போட்டேன். சிவப்பு இன்னும் தெளிவாக எரிந்தது.

டெக்னீஷியன் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். பைக்கின் முன்னால் ஸ்ப்ளைசிங் மெஷின் பெட்டி, முதுகில் பை. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “சார், ஏணி இருக்கா?”

நிறுவனம் அவருக்கு ஏணி தரவில்லை. பைக்கில் ஏணி கொண்டுவரவும் முடியாது. தெருவில் கம்பம் எட்டுகிற ஏணி ஒன்றே ஒன்றுதான், அது கேபிள்காரருடையது. அவர் வீட்டுக்குப் போனோம். போட்டி நிறுவனத்துக்கு ஏணி தர முடியாது என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் பெருந்தன்மையானவர். “தாராளமா எடுத்துக்கோங்க சார், ஆனா கோயில்ல இருக்கு” என்றார். கோயிலில் விழாக் குழுத் தலைவர், லைட் கட்டி முடியட்டும் என்றார். அம்மன் அலங்காரம் முடிந்து, சுண்டல் கொடுத்து, ஏணி கிடைத்து, பையன் ஏறினார். ஒரு கையில் செல்போன் வெளிச்சம், மறு கையில் உறை உரித்த இழை. மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனையும் நேருக்கு நேர் வந்து ஒட்டிக்கொண்டதைக் கீழே நின்று பார்த்தேன்; அழகான வேலைதான். பவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “மைனஸ் 26 காட்டுது சார். 27 வரைக்கும் தாங்கும், ஓடும்” என்றார். ஓடியது. ஒட்டிய இடத்துக்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி வேப்பங்கிளையில் கட்டிவிட்டுப் போனார்.

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமே என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். மொபைல் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. டி.வி. பெட்டிக்கு அது இல்லை. ஒருவர் கொடுத்த பெட்டி இன்னொருவர் சிக்னலில் ஓட வேண்டும் என்று 2020 ஏப்ரலிலேயே தாங்கள் பரிந்துரைத்துவிட்டீர்கள், மறக்கவில்லை. அந்தப் பரிந்துரை எந்த மேசையில் உறங்குகிறதோ, எங்கள் பரணிலும் மூன்று பெட்டிகள் அப்படியே உறங்குகின்றன. அடுக்ககத்தில் இருக்கும் என் தங்கைக்கு அந்தக் கவலையும் இல்லை. அவர்கள் அசோசியேஷன் செயலாளர் ஒரே நிறுவனத்தைத்தான் உள்ளே விடுவார். கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கத் தாங்கள் 2024இல் விதிமுறை போட்டிருப்பதைச் சொன்னேன். செயலாளருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறாள்.

ஆகவே தங்கள் மேலான பரிசீலனைக்கு ஒரு சிறு விண்ணப்பம். சேனலுக்கு இத்தனை ரூபாய், வேகம் இத்தனை எம்.பி.பி.எஸ். என்று அட்டவணை போடும்போது அதில் இன்னும் இரண்டு பத்தி சேர்க்க வேண்டும்: அறுந்தால் யார் வருவார், ஏணி யாருடையது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் இந்த நாட்டில் யாரும் கேபிளா ஃபைபரா என்று முடிவெடுக்கிறார்கள். ஏணிக்குத் தாங்கள் உச்சவரம்பு விதிக்கலாம். 19 ரூபாய் என்றாலும் ஆட்சேபம் இல்லை. ஜி.எஸ்.டி. தனியாகக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
முன்பணம் முடிய இன்னும் நான்கு மாதம் உள்ள சந்தாதாரர்.

நகல்:
1. தலைவர், தெரு அம்மன் விழாக் குழு – தகவலுக்காக.
2. செயலாளர், தங்கையின் அடுக்கக அசோசியேஷன் – மனசாட்சிக்காக.
3. எங்கள் தெருக் கேபிள்காரர் – உரிய நடவடிக்கைக்காக.