லீவுக்கு வந்திருப்பவர்

தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டங்களில் ஆனி, ஆடி மாதங்களில் தவறாமல் தென்படும் மனித வகைகளுள் 'லீவுக்கு வந்திருப்பவர்' தனித்து ஆராயத்தக்கவர். திருநெல்வேலியிலோ தென்காசியிலோ பிறந்து, பொறியியல் படித்து, நியூஜெர்சியிலோ டெக்சாசிலோ பல்லாண்டுகளாகக் குடியிருந்து, ஈராண்டுக்கொருமுறை மூன்று வார விடுப்பில் மனைவி மக்களோடு சொந்த ஊருக்கு வரும் நடுவயது ஆடவரையே இப்பெயர் இங்குக் குறிக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் நான்கு மணி நேரத்தில் சென்னைக்கு வந்துவிடுவதாலும், அங்கேயே அவருக்குப் புரோட்டாவும் சால்னாவும் கிடைத்துவிடுவதாலும், அவருடைய ஏக்கம் ஆய்வுக்கு உரிய அளவுக்கு முற்றுவதில்லை. அமெரிக்காக்காரரின் ஏக்கமோ இரண்டு விமானம் மாறி, முழுதும் பழுத்த நிலையில் வந்து இறங்குகிறது. அந்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும், தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரல் தூவும் பருவமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமைந்தது தற்செயலே என்றாலும், தமக்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு என்றே அவர் அதை எடுத்துக்கொள்வார்.

அவர் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவருடைய பட்டியல் வந்துவிடும். இந்தப் பட்டியல் என்பது, பனிக்கால இரவுகளில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டே கைப்பேசியில் எழுதிச் சேர்த்தது. எனவே அதில் ஒரு மனிதனின் வயிற்றுக்குரிய கணக்கு இருப்பதில்லை, ஒரு பனிக்காலத்தின் கணக்கே இருக்கும். காலையில் பதநீர், பத்து மணிக்கு நெய்த் தோசை, மதியம் சொதி, நான்கு மணிக்குச் சாத்தூர் காராசேவு, மாலையில் அல்வா, இரவில் புரோட்டா என்று ஒரு நாள் ஓடும். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் வரும். இவ்விரண்டும் முறையே 2019இலும் 2020இலும் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊரில் செய்த பண்டமே இப்பெயருக்கு உரியது என்னும் சட்டப் பாதுகாப்பு, பெற்றவை என்பதை அவர் ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்வார். ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முச்சந்தியில் பெயரில்லாத கடையில் வாங்கிய மிட்டாயைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

வந்து இறங்கிய அன்றே தெருவில் எதிர்ப்படுவோர் எல்லாரும் அவரிடம் "எப்பம் வந்திய? என்னைக்குப் போறிய?" என்னும் இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவர். முதற்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்லும் அவர் இரண்டாவதற்குச் சற்றே முகம் வாடுவது வழக்கம். கேட்பவரிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அவரை எந்த நாளில் அழைப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

அல்வாவைப் பற்றிய அவருடைய கொள்கை விரிவாகக் காணத்தக்கது. சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு, கை ஓயாமல் கிண்டி எடுக்கும் திருநெல்வேலி அல்வாவுக்கு அந்தச் சுவை தாமிரபரணித் தண்ணீரால்தான் வாய்க்கிறது என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் நம்பிக்கை. லீவுக்கு வந்திருப்பவர் இந்நம்பிக்கையின் மிகத் தீவிரமான பரப்புரையாளர். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாமல், மாலையில் சில மணி நேரம் மட்டும் மங்கிய விளக்கொளியில் நடக்கும் இருட்டுக்கடையின் வரிசையில் நின்றுகொண்டு, "வேற எந்தத் தண்ணியில கிண்டினாலும் இந்த ருசி வராது" என்று பிள்ளைகளுக்கு விளக்கும்போது, அவருடைய இடக்கையில் முத்திரை உடையாத மினரல் வாட்டர் பாட்டில் இருக்கும். அவர் அந்தத் தண்ணீரில்தான் பல் துலக்குகிறார். ஆற்றின் பெருமை அல்வாவின் வழியாக உள்ளே போகலாம், நேராகப் போகக் கூடாது என்பதே அவர் வகுத்துக்கொண்ட விதி. இன்னொன்றும் இங்குச் சொல்லத்தக்கது: நெல்லைச் சீமையின் மண்வாசனை என்று அவர் கொண்டாடும் அந்த அல்வாக்கடையைத் தொடங்கியவர்கள், பிழைப்புக்காக ராஜஸ்தானிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தினர். பிழைப்புக்காகத் தொலைவு போனவர் தொலைவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கடை வாசலில் நின்று மண்ணின் பெருமை பேசுவதில் உள்ள நயத்தை அவ்வரிசையில் யாரும் கவனிப்பதில்லை. அதற்குள் அல்வா சூடாகக் கைக்கு வந்துவிடுகிறது.

முதல் விள்ளலை விழுங்கியதும் அவர் கண்ணை மூடுவார். கண்ணைத் திறந்ததும் சொல்லும் வாக்கியம் ஒன்றே: "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பழைய டேஸ்ட் இல்ல." அல்வா, புரோட்டா, பஜ்ஜி, கடைத்தெருக் காபி ஆகிய எல்லாவற்றின் மேலும் இத்தீர்ப்பு வேறுபாடின்றி வழங்கப்படும். இதற்கு அவர் கூறும் காரணங்கள், நெய்யின் கலப்படம், விறகடுப்பு போய்க் கேஸ் அடுப்பு வந்தது, பழைய மாஸ்டர் மறைந்தது என்று பலவாக இருப்பினும், உண்மைக் காரணம் வேறிடத்தில் உள்ளது. அந்தப் பழைய சுவை அவர் நாவில் பதிந்த காலத்தில் அவர் கல்லூரி மாணவர். இரண்டாம் ஆட்டம் படம் பார்த்துவிட்டு, நான்கு நண்பர்கள் பையிலிருந்த சில்லறையைக் கொட்டி எண்ணி, ஆளுக்கு இரண்டு புரோட்டா என்று கணக்கிட்டு, மூன்றாவது முறையும் சால்னா கேட்கக் கூச்சப்படாத வயதில் இருந்தார். அந்தப் புரோட்டாவின் சேர்மானங்களுள் முதன்மையானது பசி. அடுத்தது, இன்னொன்று வாங்கப் பணமில்லாமை. இவ்விரண்டையும் எந்த மாஸ்டராலும் இன்று மாவோடு சேர்த்துப் பிசைய முடியாது. அதிலும், காலையிலிருந்து ஐந்து வேளை உண்டுவிட்டு ஆறாவதாகப் புரோட்டாவின் முன் உட்காரும் ஒருவருக்காகப் பிசைவது இயலவே இயலாது.

பணத்தைப் பற்றிய அவருடைய நோக்கிலும் ஒரு வளர்ச்சி காணப்படும். முதல் வாரத்தில் எல்லா விலையையும் டாலராக மாற்றிப் பார்த்து, "இவ்வளவுதானா!" என்று வியந்து, பரிமாறுபவருக்கு நூறு ரூபாய் கொடுப்பார். இரண்டாம் வாரத்தில் ரூபாய் ரூபாயாகவே தெரியத் தொடங்கி, ஆட்டோக்காரரோடு இருபது ரூபாய்க்காக வழக்காடுவார். அவர் முழுமையாக ஊர்க்காரராக மாறிய நாள் அதுவே எனக் கொள்ளலாம்.

வெளியூர்ப் பயணங்களுள் குற்றாலம் தலையாயது. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவே ஆயினும் அதற்கான ஆயத்தம் இமயமலைப் பயணத்துக்கு உரியது. ஏழு பேருக்கான வாடகை வண்டியில் பத்துப் பேரும், அவர்கள் மடியில் பாத்திரங்களும் ஏறிய பின்னர், ஆச்சியையும் வற்புறுத்தி ஏற்றுவர். "ஏல, அருவியப் பாக்கவா அங்க இருந்து வந்திய? அமெரிக்காவுலதான் பெரிய அருவி இருக்குன்னு சொன்னாவளே!" என்று ஆச்சி கேட்கும் கேள்விக்கு இன்றுவரை தகுந்த விடை யாராலும் சொல்லப்படவில்லை. நயாகராவில் மழைக்கோட்டு அணிந்து படகில் நின்று நனையாமல் பார்க்க வேண்டும். குற்றாலத்திலோ தலையைக் கொடுத்து, முதுகில் அறை வாங்கி, மூச்சுத் திணறிக் கூட்டத்தோடு நிற்க வேண்டும். இவ்வேறுபாட்டை அவர் விளக்க முற்படுவதற்குள் வண்டி ஆலங்குளத்தைக் கடந்துவிடும்.

மேலே பாறைப் பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிவதால் 'பொங்குமாங்கடல்' எனப்படும் சுனையைத் தாண்டி வரும் பேரருவியும், ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் ஐந்தருவியும், பழைய குற்றாலமும் அவருடைய அட்டவணையில் மணிக்கணக்கோடு குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் சாரல் வலுத்தால் நீர்வரத்து மிகும். நீர்வரத்து மிகுந்தால் குளிக்கத் தடை விதிக்கப்படும். அருவிக்கு அவருடைய விமானத் தேதி தெரியாது. கயிற்றுக்கு இப்பால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்கும் நேரத்தில்தான் வண்டியோட்டி வாயைத் திறப்பார்: "சார், பார்டருக்குப் போயிருவோமா?" பார்டர் என்பது செங்கோட்டைக்கு அருகேயுள்ள பிரானூர். கேரள எல்லைப் பக்கம் என்பதால் அப்பெயர் நிலைத்தது. அவ்வூர் உள்ளங்கையளவுச் சிறிய புரோட்டாவுக்கும் பொரித்த நாட்டுக்கோழிக்கும் பெயர்போனது. குளிக்கப் போன பத்துப் பேரும் உலர்ந்த தலையோடு அங்கே உட்கார்ந்து, இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றும்போது, குற்றாலப் பயணத்தின் உண்மையான நோக்கம் நிறைவேறிவிட்டதாக அனைவர் முகத்திலும் ஒரு தெளிவு பிறக்கும். வண்டியோட்டி மட்டும் எதிர்ச்சாரியில் உள்ள கீற்றுக் கொட்டகையில் பாதி விலைக்கு அதைவிட நல்ல புரோட்டாவைத் தின்றுகொண்டிருப்பார். அவரிடம் முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் லீவுக்கு வந்திருப்பவர் இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணித்தான் கடையைத் தேர்ந்தார்.

இப்பயணங்களால் மிகுந்த பயன் பெறுவோர் உள்ளூர் உறவினர்களே என்பதையும் மறைக்க இயலாது. அத்தையும் சித்தியும் மணிமுத்தாறு அணையை இதற்கு முன் பார்த்தது இதே நபர் முந்தைய லீவுக்கு வந்தபோதுதான். ஊரில் நிலையாக இருப்பவனுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்கக் காரணம் ஏது? கழுகுமலைக்கு இருபது முறை சென்று முருகனை வணங்கியவர்கள், மலைமேல் ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விடப்பட்ட எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலை அவர் தயவால்தான் முதன்முறை பார்க்கிறார்கள். "தமிழ்நாட்டின் எல்லோரா" என்று அவர் கைப்பேசியைப் பார்த்துப் படிப்பதைக் கேட்ட மச்சினன், "அத்தான், நம்ம ஊர்ல கான்ட்ராக்டர் அப்பமே இப்பிடித்தான்" என்று கருத்துரைப்பது மரபு. ஆதிச்சநல்லூரும் கிருஷ்ணாபுரமும் அதே பகலில் முடிக்கப்படும். அங்கே நின்றதைவிட வண்டி நிறுத்தியதற்கே அதிக நேரம் ஆகியிருக்கும்.

உறவினர் வீடுகள் பட்டியலில் இல்லை. ஆனால் வழியில் இருக்கின்றன. பெரியப்பா வீட்டுக்கு முதலில் போகாமல் மாமா வீட்டுக்குப் போனால் அது அடுத்த கல்யாணம் வரை பேசப்படும் என்பதால், பயண வழி வரைபடத்தைக் கொண்டு அமையாமல் வயது மூப்பைக் கொண்டு அமைகிறது. ஒவ்வொரு வீட்டிலும் காபியும் மிக்சரும் தப்பாது. வேண்டாம் என்பது அவ்வீட்டு மொழியில் கோபம் என்று பொருள்படும். "ஒரு வாய் சாப்பிடுங்க மாப்பிள்ள" என்று தொடங்கும் அந்த ஒரு வாய், பாயசத்தில் முடிய ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளைகளோ அங்கும் நூடுல்ஸ் கேட்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதையே தின்றுகொண்டிருப்பதால் இவ்வொரு விஷயத்தில் இரு நாட்டு இளந்தலைமுறைக்கும் முழு ஒற்றுமை உண்டு.

இத்தனைக்கும் நடுவே, ஒரு மாதமாக வற்றலும் வடகமும் மோர்மிளகாயும் காயவைத்து, உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளும், கூட்டாஞ்சோற்றுக்கு முருங்கைக்கீரையும் ஏற்பாடு செய்து காத்திருக்கும் தாயார், "இன்னைக்கு வெளிய சாப்பிட்டாச்சும்மா, நாளைக்குப் பாப்போம்" என்னும் விடையை நாள்தோறும் பெறுகிறார். தேங்காய்ப் பாலில் காய்கறிகளும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்து, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் இஞ்சிப் பச்சடியோடு பரிமாறும் சொதியைக்கூட, அவர் ஓட்டலில் 'நெல்லை ஸ்பெஷல்' என்று அச்சிட்ட அட்டையைப் பார்த்து வரவழைத்து உண்டு, பழைய டேஸ்ட் இல்லை என்கிறார். தாயார் மறுத்து ஒன்றும் பேசுவதில்லை. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ தம் முறை வரும் என்பதை அவர் அறிவார். அவ்வாறே ஒரு விடியற்காலையில் வயிறு தன் எதிர்ப்பைத் தெரிவிக்கும். ஓமத்தண்ணீர், சுக்குக் கஷாயம், குழைந்த சோற்றில் மிளகு ரசம், சுட்ட அப்பளம், பருப்புத் துவையல் என்று மூன்று நாள் தாயாரின் ஆட்சி தடையின்றி நடைபெறும். அந்த மூன்று நாளும் அவர் சுவையைப் பற்றிக் குறைகூறியதாகச் செய்தி இல்லை. பசி என்னும் அந்தப் பழைய சேர்மானம் அவருக்கு அப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர் தாயார் ஒருவரே.

கடைசி வாரம் மூட்டை கட்டுவதில் கழியும். அமெரிக்கப் பயணத்துக்குப் பெரும்பாலான விமானங்களில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்னும் கணக்கில், துணிக்கு ஒதுக்கியது போக மீதி இடத்தை இட்லிப்பொடி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், முட்டை வெண்கருவையும் முந்திரியையும் அடித்துச் செய்யும் தூத்துக்குடி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி ஆகியவை நிரப்பும். கருத்து உறைந்த அரைக்கோளமாகக் கிடக்கும் கருப்பட்டியை அயல்நாட்டுச் சுங்க அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்குவது எளிய பணியன்று. என்றாலும் தாயார் மேலும் இரண்டை வேட்டிக்குள் சுற்றி வைத்திருப்பார். எடை கூடியதும் முதலில் வெளியே எடுக்கப்படுவது பிள்ளைகளின் கதைப் புத்தகம். இறுதிவரை எடுக்கப்படாதது அல்வா. அங்கே அலுவலக நண்பர்கள் கட்டைவிரல் நகமளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு நல்லது என்று சொல்லி நகர்ந்துவிடுவதால், மிச்சமுள்ள இரண்டு கிலோவையும் அவர் ஒருவரே ஆவணி முடியும்வரை தின்று தீர்க்கிறார். அப்போதுதான் அடுத்த பட்டியலின் முதல் வரியும் எழுதப்படுகிறது.

இத்தகைய ஒருவர் வரும் ஆனியில் தம் வீட்டுக்கு வரவிருப்பதாக அறியும் வாசகர்கள், வாடகை வண்டியை வைகாசியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும்; சாரல் விழத் தொடங்கிய பிறகு தென்காசிப் பக்கம் வண்டி கிடைப்பது அரிது. கடைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அந்த வண்டியோட்டியிடமே விட்டுவிடுவது நல்லது.